கோவெண்டர் என்ற பெயரிலிருந்து கிராமம் வரை: நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடும் முறை

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பனில் வாழும் ஒரு குடும்பத்தினர் தமிழகம் வரவிருக்கிறார்கள் என்றும், அவர்களுடைய பூட்டனார் கப்பலேறிய ஊரைக் கண்டுபிடித்துத் தருமாறு உங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய குடும்பப் பெயர் கோவெண்டர். ஆனால் பாட்டனாரின் தம்பி வழியினர் முன்சாமி என்றும், அண்ணன் வழியினர் கோவிந்தன் என்றும் எழுதி வருகிறார்கள். கப்பல் பட்டியலில் கோவெண்டர் என்று தேடியபோது பொருந்துபவர் யாரும் அகப்படவில்லை. ஒரே குடும்பத்துக்கு மூன்று பெயர் இருக்குமா, தேடலை எங்கிருந்து தொடங்குவது என்பவை உங்கள் கேள்விகள்.

பட்டியலில் கோவெண்டர் கிடைக்காததில் வியப்பில்லை. அந்தப் பெயர் பட்டியலுக்குப் பின்னால் பிறந்தது. நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் குடும்பப் பெயர் என்றொரு பத்தியே கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண், அவருடைய பெயர், தந்தையின் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், அங்க அடையாளம் ஆகியவை ஒரே வரிசையில் எழுதப்பட்டன. நம் ஊரில் ஒருவரை ‘இன்னாருடைய மகன்’ என்று அறிந்ததுபோலவே கூலிகளைக் கப்பலேற்றும் வரை தங்கவைத்த மதராஸ் டிப்போவின் எழுத்தரும் அவரை அறிந்தார். குடும்பப் பெயர் என்ற பழக்கம், டர்பனில் இறங்கிய பிறகு, பல குடும்பங்களில் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்குச் சென்ற பிறகு, அரசாங்கத் தாளில் இருந்த ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக வந்து சேர்ந்தது.

அந்தக் கட்டத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்பினார்கள். ஒருவர் பட்டியலின் சாதிப் பத்தியில் இருந்த பட்டத்தையே எழுதினார். கவுண்டர் என்பது கோவெண்டர் ஆகவும், முதலி மூட்லி ஆகவும், பிள்ளை பிள்ளே ஆகவும், படையாட்சி படயாச்சி ஆகவும், நாயுடு நாய்டூ ஆகவும் நிலைத்தன. வேறொருவர் தந்தையின் பெயரை எழுத, அடுத்த தலைமுறையில் அந்தப் பெயர் மாறாத குடும்பப் பெயராக உறைந்துவிட்டது; மாரிமுத்து, பெருமாள், ரங்கசாமி, குப்புசாமி, முனியன் என்பன இன்றும் தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாக இருப்பது இப்படித்தான். மூன்றாமவர் தம்முடைய பெயரையே பிள்ளைகளுக்கு வைத்துவிட்டார். ஆகவே உங்கள் நண்பர்களின் மூன்று பெயர்களும் ஒரே வீட்டிலிருந்து கிளைத்தவையாக இருக்க முழு வாய்ப்பு உண்டு: ஒரு மகன் பட்டத்தையும், இன்னொரு மகன் தந்தையான முனுசாமியின் பெயரையும், மூத்தவர் பாட்டனான கோவிந்தனின் பெயரையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அது உண்மையானால் மூன்று பெயர்களும் சேர்ந்து உங்களுக்கு ஒரு வரியையே எழுதித் தருகின்றன. கோவிந்தன் மகன் முனுசாமி, சாதிப் பத்தியில் கவுண்டன். பட்டியலில் தேட வேண்டியது இந்த வரியைத்தான். கிளைகளின் பெயர்கள் முரண்படுகின்றன என்று குடும்பத்தார் வருந்துவார்கள். தேடுபவருக்கோ எல்லாரும் கோவெண்டர் என்றே எழுதியிருந்தால் இந்த அளவுக்குக்கூடத் துப்பு கிடைத்திருக்காது.

இந்தத் தேடலின் அளவையும் அறிந்துகொள்வது நல்லது. மதராஸிலிருந்து 1860 அக்டோபர் 12 அன்று புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1866-இல் நின்று 1874-இல் மீண்டும் தொடங்கிய இந்தக் குடியேற்றம் 1911-இல் முடிவுக்கு வந்தபோது, மொத்தம் 1,52,184 பேர் சென்றிருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் வழியாகச் சென்றவர்கள். இத்தனை பேருக்குள் முனுசாமி என்ற பெயருடையோர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வட ஆற்காட்டுப் பக்கத்து எந்த ஊரின் வாக்காளர் பட்டியலைப் பார்த்தாலும் ஊகித்துக்கொள்ளலாம்.

எனவே பெயரை வைத்துத் தேடுவதற்கு முன் எண்ணைத் தேட வேண்டும் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. குடியேற்ற எண் ஒருவரை அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து தரப்பட்ட விடுதலைச் சான்று, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, புகார் மனு, இறப்பு அறிவிப்பு என எங்கெல்லாம் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகம் அவரைத் தொட்டதோ, அங்கெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். பெயர் ஒவ்வொரு தாளிலும் வேறு எழுத்தில் இருக்கலாம், எண் மாறாது. ஆகையால் உங்கள் நண்பர்களிடம் முதலில் கேட்க வேண்டியது குடும்பக் கதையை அல்ல, வீட்டிலுள்ள மிகப் பழைய தாளை. பாட்டியின் தகரப்பெட்டி, சாமி அறைப் படத்தின் பின்புறம், பழைய நில ஒப்பந்தத்தோடு மடித்து வைத்த உறை, இவற்றில் ஏதாவது ஒன்றில் நான்கு முதல் ஆறு இலக்கம் கொண்ட ஓர் எண் பெயருக்கு முன்னோ பின்னோ எழுதப்பட்டிருந்தால் தேடலின் பெரும்பகுதி முடிந்தது. திரும்பி வந்து மீண்டும் ஒப்பந்தத்தில் புதிய எண்ணோடு சென்றவர்களும் உண்டு என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

வீட்டில் தாள் இல்லையென்றால், இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் உயர் நீதிமன்ற (முன்பு உச்ச நீதிமன்ற) மாஸ்டர் அலுவலகத்துக்கு அளிக்கப்படும் இறப்பு அறிவிப்பில், இறந்தவரின் பிறந்த இடம், பெற்றோர் பெயர், துணைவர், பிள்ளைகள் எல்லாரும் குறிக்கப்படுவார்கள். நேட்டால் பகுதிக்குரிய பழைய கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கேயே இந்தியக் குடியேற்றத் துறையின் கடிதக் கோப்புகளும் இருக்கின்றன. இவற்றின் அட்டவணையைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் பார்க்கலாம். கப்பல் பட்டியல்களின் மூலப் பதிவேடுகள் டர்பன் காப்பகத்தைச் சேர்ந்தவை. அவற்றைத் தட்டச்சு செய்த வடிவத்துக்குக் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தை அணுகலாம். பழைய திருமணப் பதிவுகளில் ஒரு விநோதம் உண்டு. இந்தியச் சடங்கு முறைப்படி நடந்த திருமணம் பதிவு செய்யப்படாமல் இருந்து, பிள்ளைகள் பிறந்து பல ஆண்டுகள் கழித்துப் பதிவானதைப் பார்ப்பீர்கள். பலதார மணத்தை ஏற்கும் மதங்களின் முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்று 1913 மார்ச் மாதத்தில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பும், இந்தியரின் போராட்டத்துக்குப் பிறகு ஒருதார இந்தியத் திருமணங்களை ஏற்று வந்த 1914-ஆம் ஆண்டின் நிவாரணச் சட்டமும் அந்தக் காலத்தின் பின்னணி. பதிவுத் தேதியைத் திருமணத் தேதியாக எடுத்துக்கொண்டால் தலைமுறைக் கணக்கு பிசகும்.

எண் எங்கும் கிடைக்காத நிலையில்தான் பெயரின் எழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டும். இங்கே ஒரு வசதி நமக்கு இருக்கிறது. அந்த எழுத்துகளை ஆங்கிலமாக வாசிக்காமல் தமிழ்க் காதால் வாசிக்க நம்மால் முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தர்கள் உகரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு ‘ஓ’ எழுத்துகளைப் போட்டார்கள். ஆகவே முத்து, குப்பு, முனு எல்லாமே இரட்டை ஓவோடு வரும். குறில் அகரத்துக்கு ‘யூ’ எழுத்தைப் போட்டார்கள். ரங்கசாமி ‘ருங்கசாமி’ போலவும், லட்சுமி ‘லுட்ச்மி’ போலவும் தோன்றுவது அதனால்தான். அன் விகுதி ‘என்’ ஆகி, குப்பன் ‘குப்பென்’ ஆகவும் முனியன் ‘முனியென்’ ஆகவும் நின்றன. இடையில் வரும் குறில் உயிர்கள் உதிர்ந்தன. முனுசாமி ‘முன்சாமி’, ராமசாமி ‘ராம்சாமி’, பொன்னுசாமி ‘பூன்சாமி’ ஆயின. சகரம் ‘எஸ்’ ஆகவும் ‘சி, ஹெச்’ ஆகவும் வரும்; சின்னசாமியை இரண்டு இடத்திலும் தேட வேண்டும். தகரம் ஹகரத்தோடும் அது இல்லாமலும் வரும். ககரம் ‘கே’ என்ற எழுத்திலும் ‘சி’ என்ற எழுத்திலும் தொடங்கும்.

ஆகவே உயிர்களை மறந்துவிட்டு மெய்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முனுசாமிக்கு ம், ன், ச், ம் என்ற எலும்புக்கூடு போதும். மரபுவழித் தேடல் தளங்கள் பயன்படுத்தும் சவுண்டெக்ஸ் என்ற ஒலிக்குறி முறையும் ஏறத்தாழ இதையே செய்கிறது. ஆனால் அது ஆங்கிலப் பெயர்களுக்காக உருவானது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மெய்களை எண்களாக்கும். அதனால் ‘கே’ எழுத்தில் தொடங்கும் குப்புசாமிக்குக் கே125 என்ற குறியும், ‘சி’ எழுத்தில் தொடங்கும் அதே குப்புசாமிக்குச் சி125 என்ற குறியும் கிடைத்து, இருவரும் வேறு வேறு ஆட்களாகிவிடுவார்கள். ழகரம் இன்னும் மோசம். பழனியை அந்தக் காலத்து முறையில் லகரத்தால் எழுதினால் பி450. இன்றைய வழக்கப்படி ‘இசட், ஹெச்’ போட்டு எழுதினால் பி250. இன்றைய எழுத்தில் தேடி, இல்லை என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு திரும்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். பழைய பட்டியலில் தேடும்போது ழகரத்தை லகரமாகவே நினைத்துத் தேடுங்கள்.

இதற்கு மேல் கையெழுத்தின் குழப்பம். சாய்வெழுத்தில் ‘யூ’வும் ‘என்’னும் ஒன்றுபோல இருக்கும், ‘ஏ’யும் ‘ஓ’வும் கலங்கும், தலைப்பெழுத்தில் ‘எல்’லும் ‘எஸ்’ஸும் இடம் மாறும். தமிழ் அறியாத ஒருவர் பிற்காலத்தில் படியெடுக்கும்போது, தமிழில் இருக்கவே முடியாத ஒரு பெயர் உருவாகிவிடும். அப்படிப்பட்ட பெயரைக் கண்டால் ஒதுக்கிவிடாமல், எந்த எழுத்து எதுவாக இருந்திருக்கும் என்று மாற்றி மாற்றி உரக்கப் படித்துப் பாருங்கள். பாதி நேரம் வாயே விடையைச் சொல்லிவிடும்.

பட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். கோவெண்டர் என்பதால் குடும்பம் கொங்கு நாட்டைச் சேர்ந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கவுண்டர் என்ற பட்டம் வட தமிழகத்திலும் வேறு வேறு சமூகங்களுக்கு வழங்கியது. வன்னியர்களில் ஒரு பகுதியினர் தம்மைக் கவுண்டர் என்றே சொல்லிக்கொள்வர். அதேபோல நாய்டூ என்ற பெயருடைய எல்லாருடைய வீட்டிலும் தெலுங்கு பேசப்பட்டதாகவும் கொள்ள முடியாது. கப்பலேறும்போது தம் சாதியை மாற்றிச் சொன்னவர்களும், கடல் கடந்த பிறகு மதிப்புள்ளதாகத் தோன்றிய ஒரு பட்டத்தை எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஊர் தந்த அடையாளத்தைக் கழற்றிவைக்க அது ஒரு வழியாகவும் இருந்தது. பட்டியலில் ஒன்றும் குடும்பப் பெயரில் வேறொன்றும் இருப்பதைக் கண்டால், அதை நண்பர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

எழுத்து முறை, ஒருவர் எந்த அரசின் வழியாகச் சென்றார் என்பதையும் காட்டிக்கொடுக்கும். ரீயூனியன், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகளில் உகரத்துக்கு ‘ஓ, யூ’ என்ற இரண்டு எழுத்துகள் வரும். சாமியில் ‘எஸ்’ இரட்டிக்கும், ஏனெனில் பிரெஞ்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை ‘எஸ்’ ஒலிப்புடன் ‘இசட்’ போல ஒலிக்கும். பிள்ளை அங்கே ‘புல்லே’ ஆகிவிடும். உங்கள் நண்பர்களின் கிளைகளில் அத்தகைய எழுத்து எங்காவது தென்பட்டால், நேட்டால் பட்டியலை மூடிவைத்துவிட்டுப் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்ப வேண்டும். மொரீஷியஸையும் மறந்துவிடக் கூடாது. அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டாம் முறை இடம்பெயர்ந்தவர்கள் உண்டு. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் முன்னின்ற தம்பி நாயுடு 1875-இல் மொரீஷியஸில் பிறந்து டிரான்ஸ்வாலுக்கு வந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்தின் கப்பலேறிய பதிவு, மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில்தான் இருக்கும். அங்குள்ள பதிவுகள் சிலவற்றில் குடியேறியவரின் புகைப்படமும் உண்டு.

ஒப்பந்தம் இல்லாமல், சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்துச் சென்றவர்கள் இன்னொரு வகையினர். வணிகர்கள் பலர் இப்படிச் சென்றார்கள். இவர்கள் கூலிப் பட்டியலில் இருக்கவே மாட்டார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் 1898-இல் பிறந்து, சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் மறைந்த வள்ளியம்மையை அந்நாட்டில் வள்ளியம்மா முனுசாமி முதலியார் என்று குறிப்பிடுவார்கள். தந்தையின் பெயரும் பட்டமும் பின்னால் நிற்கின்றன. நாமோ அவரைத் தில்லையாடி வள்ளியம்மை என்கிறோம்; முன்னால் ஊர் நிற்கிறது. இதுபோல உங்கள் நண்பர்களின் வீட்டுப் பேச்சிலும் பெயருக்கு முன்னால் ஓர் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதியவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். ‘ஆரணிப் பாட்டி’, ‘போளூர்த் தாத்தா’ என்று பொருள் தெரியாமலேயே அழைத்துவரும் வழக்கம் இருந்தால் அது பெரிய செல்வம்.

பொருத்தமான ஒரு வரி பட்டியலில் கிடைத்தால், அதையே நம்பிவிடாமல் மேலும் கீழும் உள்ள வரிகளைப் படியுங்கள். சேர்ந்து சென்ற குடும்பத்தாருக்கு அடுத்தடுத்த எண்களே தரப்பட்டன. மனைவி, குழந்தை, தம்பி, ஊர்க்காரர் என்று அங்கேயே இருப்பார்கள். பெண்ணுக்கும் தந்தையின் பெயரே எழுதப்பட்டதால், பூட்டியின் பிறந்த வீட்டையும் இதிலிருந்து அறியலாம். இது பல குடும்பங்களில் முற்றிலும் மறந்துபோன செய்தி. வயதை ஐந்தாண்டு முன்பின்னாகவே கொள்ள வேண்டும். அங்க அடையாளத்தில் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, மார்பில் மச்சம், கையில் பச்சை என்று இருக்கும். பழைய புகைப்படத்தில் அது தெரிந்தால் நல்லது, பெரும்பாலும் தெரியாது.

இனி ஊர்ப்பெயர். ஜில்லா, தாலுக்கா, கிராமம் மூன்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். புதூரும் நல்லூரும் இல்லாத தாலுக்கா நம் நாட்டில் எது? வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ ஆகவும், காஞ்சிபுரம் ‘கஞ்சீவரம்’ ஆகவும் இருப்பதை எளிதில் கண்டுகொள்வீர்கள். எல்லைகள் மாறியதுதான் வழுக்கும் இடம். அன்றைய வட ஆற்காடு ஜில்லாவுக்குள் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பகுதிகளின் பெரும்பாகத்தோடு, இப்போது ஆந்திரத்தில் இருக்கும் சித்தூரும் அடங்கியிருந்தது. சித்தூர்தான் அதன் தலைநகரமாகவும் இருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911 ஏப்ரலில். நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது அதே ஆண்டு ஜூலையில். ஆகவே ஏறக்குறைய எல்லாக் கப்பல் பட்டியல்களும் பழைய எல்லைகளின்படியே எழுதப்பட்டவை. திருப்பத்தூர் தாலுக்காவைச் சேலம் ஜில்லாவில் கண்டால் பிழை என்று நினைக்காதீர்கள். 1911 வரை அது அங்கேதான் இருந்தது. சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர் வேறு. தென் ஆற்காடு என்றால் இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாருங்கள்.

கிராமம் உறுதியான பிறகு பலரும் பட்டா, சிட்டா, பழைய நில அளவைப் பதிவேடு என்று கிளம்புவதைப் பார்க்கிறேன். நிலம் இருந்தவர் பெரும்பாலும் கப்பலேறவில்லை. ஏறியவருடைய பெயர் அந்தப் பதிவேட்டில் இருப்பது அரிது. அதைவிடக் குலதெய்வத்தைக் கேட்பது பயன் தரும். டர்பன் குடும்பங்கள் மொழியை இழந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை வீட்டில் எந்தச் சாமிக்குப் படையல் போடுகிறோம் என்பதை மறப்பதில்லை. மாரியம்மன், திரௌபதி அம்மன் என்றால் அது எங்கும் உள்ள வழிபாடு, அதிகம் உதவாது. பச்சையம்மனோ மன்னார்சாமியோ, ஊரின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் ஓர் அம்மனோ என்றால், அந்தக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கும் பங்காளிகள் யார் என்று பூசாரியிடம் விசாரிக்கலாம். அந்தப் பங்காளிகளில் மூத்தவரிடம், ‘உங்கள் வகையறாவில் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனவர் யாராவது உண்டா’ என்று மட்டும் கேளுங்கள். பெயரை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டு உறவினர் வருகிறார் என்றதும் நீங்கள் சொல்லும் எந்தப் பெயரையும் ஆமென்று சொல்லும் அன்பு நம் ஊர்களில் உண்டு. அவராகவே கோவிந்தன் மகன் என்றோ முனுசாமி என்றோ சொன்னால், அதை அப்போதே தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு உங்கள் நண்பர்களிடம் மூன்று கிளைகளிலும் உள்ள மிகப் பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தை விட்டுவிட வேண்டாம், எண்ணைப் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.